மின்னல் விளக்கு அணையும் வரை

எங்கள் பள்ளியின் பின்கட்டடத்தில் இரண்டே அறைகள்தான். ஒன்று என் தமிழ் அறை. மற்றது உடைந்த நாற்காலிகளையும் விளையாட்டு விழாக் கொடிகளையும் போட்டுப் பூட்டி வைத்திருந்த அறை. முன்கட்டடத்தில் மேம்பாட்டுப் பணி ஆரம்பித்தபோது எங்களை இங்கே மாற்றினார்கள். எல்லாம் கொஞ்ச காலத்துக்குத்தான் என்றார்கள். யாரை மாற்றலாம் என்று யோசித்தவர்களுக்கு எப்படிச் சட்டென்று தமிழ் வகுப்பு நினைவுக்கு வந்தது என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால், பிள்ளைகள் குறைவு, அறையும் சின்னது, பொருத்தமாக இருக்கிறது என்று சொல்லியிருப்பார்கள். எங்கள் பள்ளியில் எதைக் கேட்டாலும் அதற்கு ஒரு நல்ல பதில் தயாராக இருக்கும்.

இரண்டு கட்டடங்களுக்கும் நடுவே ஒரு திறந்தவெளி. முன்பு அங்கே கூரை போட்ட நடைபாதை இருந்தது, பணிக்காகக் கழற்றிவிட்டார்கள். வெயில் நாளில் பிள்ளைகள் ஓடிக் கடந்துவிடுவார்கள். வெறும் மழை என்றால் குடை பிடித்துப் போகலாம். மின்னல் என்றால்தான் வம்பு. முன்கட்டடச் சுவரில் ஒரு விளக்கு இருக்கிறது. பக்கத்தில் மின்னல் விழும் ஆபத்து இருந்தால் அது விட்டுவிட்டு எரியும். அது எரிகிற வரை யாரும் திறந்தவெளியில் கால் வைக்கக் கூடாது. திடலுக்கும் போகக் கூடாது. எங்கே இருக்கிறோமோ அங்கேயே இருக்க வேண்டும். சிங்கப்பூரில் மின்னலை யாரும் விளையாட்டாக எடுத்துக்கொள்வதில்லை, நானும் எடுத்துக்கொள்வதில்லை. என் கோபம் மின்னல் மேல் இல்லை.

இரண்டாம் வகுப்புத் தமிழ்ப் பாடம் இடைவேளைக்குச் சற்று முன்புதான் முடியும். மணி அடித்ததும் பிள்ளைகள் முன்கட்டடத்து உணவகத்துக்கு ஓடுவார்கள். அவர்கள் பின்னாலேயே நானும் ஓடுவேன். அவர்கள் சாப்பிட ஓடினார்கள், நான் பால் எடுக்க ஓடினேன்.

பேறுகால விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பியபோது என் மகளுக்கு நான்கு மாதம். வீடு ஜாலான் புசார் பக்கம், பள்ளி தீவின் மேற்கே புக்கிட் பாத்தோக்கில். விடிவதற்கு முன்பே நான் ரயில் ஏறியாக வேண்டும். அதனால் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் இருக்கும் குழந்தைப் பராமரிப்பு நிலையத்தில் அவளை விடுவது கணவரின் வேலை. அவளோடு அவளுக்கான பால் புட்டிகளும் போகும். இன்று நான் எடுக்கும் பால்தான் நாளை அவள் குடிப்பது. இடைவேளையில் எடுக்காமல் விட்டால் மறுநாள் ஒரு வேளை பால்மாவு. அடிக்கடி விட்டால், இனி தேவையில்லை போலிருக்கிறது என்று உடம்பே குறைத்துக்கொள்ளும். உடம்புக்கு நம் நியாயமெல்லாம் புரியாது.

பால்மாவில் வளர்ந்த பிள்ளைகள் நன்றாகத்தான் இருக்கிறார்கள். நானே அப்படி வளர்ந்தவள். இருந்தாலும் முதல் பிறந்தநாள் வரை தாய்ப்பால் கொடுத்தே தீருவது என்று நான் முடிவு செய்திருந்தேன். பகல் முழுக்க அவள் யாரோ ஒருவர் கையில் இருக்கிறாள். அவள் முதன்முதலில் குப்புற விழுந்ததைக்கூட நிலையத்துப் பெண் எடுத்து அனுப்பிய படத்தில்தான் பார்த்தேன். அவள் வயிற்றுக்குள் போவதாவது என்னுடையதாக இருக்கட்டும் என்று நினைத்தேன். இது பிடிவாதம்தான், எனக்கும் தெரியும்.

முன்கட்டடத்தில் மருத்துவ அறைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை எனக்குக் கிடைத்தது. ஒரு நாற்காலி, ஒரு குளிர்பெட்டி, உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள். கதவைத் தாழிட்டு, பால் எடுக்கும் இயந்திரத்தை ஓடவிட்டு, மகளின் படத்தைக் கைப்பேசியில் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால் பால் தானாக இறங்கும். அந்த அரை மணி நேரம் மட்டும்தான் பள்ளியில் நான் அம்மாவாக இருந்தேன்.

பிறகு இரண்டாம் தவணையில் சுமத்ராக் காற்று இடிமழையோடு வந்தது.

அந்த மழையைச் சிங்கப்பூர் ஆசிரியர்களுக்கு நன்றாகத் தெரியும். காலை நேரம் பார்த்து வரும். மேற்கே கறுக்கும், மரங்கள் ஒரு பக்கமாகச் சாயும், வகுப்பறை சாயங்காலம்போல இருட்டிவிடும். முதல் தடவை வந்த அன்று, பாடம் முடியச் சற்று நேரம் இருக்கும்போது விளக்கு எரியத் தொடங்கியது. மணியும் அடித்தது. எழுந்து நின்ற பிள்ளைகளை நான் உட்கார வைத்தேன்.

"டீச்சர், ரீசெஸ் இல்லையா?"

"இருக்கு. இங்கேயே."

"இங்க என்ன டீச்சர் இருக்கு?"

நியாயமான கேள்விதான். பள்ளியில் மழைநாள் இடைவேளைக்கென்று ஒரு திட்டம் உண்டு, நன்றாகவே போட்ட திட்டம். அதன்படி ஒவ்வொரு வகுப்பும் தன் அறையிலேயே இருக்கும். ஒவ்வோர் அறைக்கும் ஒரு பிஸ்கட் டின், ஒரு பெட்டி நிறைய விளையாட்டுச் சாமான்கள். பாதி நேரம் வகுப்பாசிரியர் பார்த்துக்கொள்வார், மீதி நேரத்துக்கு வேறோர் ஆசிரியர் வந்து அவரை விடுவிப்பார். இதில் ஒரே ஓட்டை, தமிழ்ப் பிள்ளைகள். அவர்கள் ஆறு வகுப்புகளிலிருந்து தமிழுக்காக மட்டும் என்னிடம் வருகிறவர்கள். திட்டம் வகுப்பு வகுப்பாகப் போடப்பட்டது. ஆகவே திட்டத்தின்படி அவர்கள் தங்கள் ஆறு வகுப்புகளில் உட்கார்ந்து பிஸ்கட் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். என் அறையில் யாருமே இல்லை. நானும் இல்லை. தமிழாசிரியர் இடைவேளையில் ஓய்வாக இருக்கிறார் என்றுதான் அதில் இருந்தது.

சன்னலோரம் உட்காரும் சிறுமி ஒருத்தி இருந்தாள். ஒல்லிக்குச்சி. திடலில் பையன்களைத் துரத்திப் பிடிப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை. விளக்கைப் பார்த்துச் சொல்லும் பொறுப்பை அவளாகவே எடுத்துக்கொண்டாள்.

"இன்னும் எரியுது டீச்சர்."

"பாத்துட்டே இரு."

"எங்க கிளாஸ்ல இன்னைக்கு கிரீம் பிஸ்கட். என்னோடத யாராவது சாப்பிட்டிருப்பாங்க லா."

அவளுக்கு வந்த கோபம் எனக்கும் வந்தது. என் பையில் இருந்த ஒரே பொட்டலம் முறுக்கை உடைத்து எல்லாருக்கும் கொடுத்தேன். ஆளுக்கு ஒரு வாய்க்குக்கூட வரவில்லை. கொஞ்ச நேரம் கரும்பலகையில் படம் வரைந்தார்கள். பிறகு மேசைக்கு அடியில் ரயில் ஓட்டினார்கள். அதன் பிறகு ஒருவரை ஒருவர் இடித்துக்கொள்ள ஆரம்பித்தார்கள். ஓடுகிற வயதில் இருக்கும் பிள்ளைகளை மூடிய அறையில் உட்கார வைப்பது அவர்களுக்கும் தண்டனை, வைக்கிறவருக்கும் தண்டனை. சன்னல்களைச் சாத்தியிருந்தோம். உள்ளே ஈரக் காலுறை நாற்றமும் முறுக்கு வாசனையும் கலந்து குமட்டியது.

என் மார்பு கல்லாகிக்கொண்டிருந்தது. பால் கட்டினால் எப்படி வலிக்கும் என்பது கட்டியவர்களுக்குத்தான் தெரியும். கையைத் தூக்கினால் வலி, இறக்கினால் வலி, மூச்சை இழுத்தால் வலி. கழிவறை தாழ்வாரத்தின் கோடியில்தானே இருக்கிறது, அங்கே போய்ப் பிழிந்துவிட்டு வரக் கூடாதா என்று பின்னொரு நாள் ஒருவர் கேட்டார். அவர் தன் மதியச் சாப்பாட்டை அங்கே உட்கார்ந்து சாப்பிட்டுக் காட்டட்டும், நானும் போகிறேன். அது போகட்டும், இடி இடிக்கும்போது ஏழெட்டு வயதுப் பிள்ளைகளைத் தனியே விட்டு எங்கே போவது?

பெரிதாக ஓர் இடி விழுந்தது. பின்வரிசையில் ஒரு குட்டிப் பையன் வீலென்று அழுதான். அவ்வளவுதான். எந்தக் குழந்தை அழுகிறது என்று உடம்பு பார்ப்பதில்லை. நான் அவனைத் தூக்கி நிறுத்துவதற்குள் பால் இறங்கிவிட்டது. உள்ளே வைத்திருந்த பஞ்சு நனைந்து, நீல நிறக் குர்தாவின் இரண்டு பக்கமும் கருநீலமாக வட்டம் போட்டது. மேசைமேல் கிடந்த பெரிய படக்கதைப் புத்தகத்தை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டேன். ஆனால் சன்னலோரத்துச் சிறுமி அதற்குள் பார்த்துவிட்டாள்.

"டீச்சர், உங்க மேல மழை பட்டிருக்கு."

"ஆமாம்மா. சாரல்."

அவள் எழுந்துபோய், ஏற்கெனவே சாத்தியிருந்த சன்னலை இரண்டு கையாலும் இன்னும் ஒருமுறை இறுக்கி அழுத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள். எனக்கு அழுகை வந்தது. வாசிக்கலாம் வாருங்கள் என்று புத்தகத்தை விரிக்காமலே கதை சொன்னேன். விளக்கு அணைந்தபோது இடைவேளை முடிந்து அடுத்த பாடமும் தொடங்கியிருந்தது.

அந்தத் தவணையில் இது ஒருமுறையோடு நிற்கவில்லை. அந்தக் காற்றுக்கு எங்கள் நேர அட்டவணை மனப்பாடம்போல. நான் காலையில் ரயிலில் இருந்து இறங்கியதும் முதலில் மேற்கு வானத்தைப் பார்ப்பேன். தெளிவாக இருந்தால் வயிற்றில் பால் வார்த்ததுபோல இருக்கும். கறுத்திருந்தால் அப்போதே மார்பு கனக்கத் தொடங்கிவிடும்.

துணைத் தலைமையாசிரியர்தான் அந்தத் திட்டத்தைப் போட்டவர். என்னைவிட இளையவர், நல்ல மனிதர், எதையும் பொறுமையாகக் கேட்பார். முதல் தடவை அவரிடம் போனபோது என் வாயில் கொழுக்கட்டை. இடைவேளையில் எனக்கு முன்கட்டடத்தில் ஒரு முக்கியமான வேலை இருக்கிறது, மழை நாளில் போக முடிவதில்லை என்றேன். அவர் அதைத் தாள் நகலெடுக்கும் வேலை என்று எடுத்துக்கொண்டார். அவசரமில்லை, பள்ளி முடிந்த பிறகு செய்துகொள்ளுங்கள், யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள் என்றார். நன்றி என்று சொல்லிவிட்டு வந்தேன். வெளியே வந்து தலையில் அடித்துக்கொண்டேன்.

இரண்டாவது தடவை உடைத்தே சொன்னேன். எனக்குக் குழந்தை இருக்கிறது, அந்த அரை மணி நேரத்தில்தான் அவளுக்குப் பால் எடுக்கிறேன், அது நின்றுபோனால் திரும்ப வராது. அவர் காது சிவந்தது. ஆனால் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. திட்டத்தை எடுத்துப் பார்த்தார். தமிழ் அறை அதில் இல்லை என்பதை அப்போதுதான் கவனித்தார். "எப்படி விட்டோம்?" என்று உண்மையாகவே வருத்தப்பட்டார். ஒழுங்காக மாற்றித் தருகிறேன், அதுவரை மழை வந்தால் ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி போடுங்கள், யாராவது வருவார்கள் என்றார்.

போட்டேன், ஒரே ஒரு முறை. பால் எடுக்கப் போகவேண்டும், யாராவது வந்து பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள முடியுமா என்று பள்ளி முழுவதற்கும் அறிவித்தேன். நிறைய இதயங்கள் வந்தன, கூப்பிய கைகள் வந்தன, பலசாலிக் கைகள்கூட வந்தன. ஆள் வரவில்லை. எப்படி வருவார்கள்? விளக்கு எரியும்போது அவர்களும் திறந்தவெளியைக் கடக்கக் கூடாதே. அவரவர் வகுப்போடு அவரவர் மாட்டிக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும்தான் எல்லாருக்கும் தெரியும்படி மாட்டிக்கொண்டிருந்தேன்.

வார இறுதியில் தேக்கா சந்தைக்குப் போய்ப் பால்சுறா வாங்கி வந்தேன். அரை கிலோ கேட்டால், மீன்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "புள்ளைக்கு எத்தனை மாசம்க்கா?" என்று கேட்டு இன்னொரு துண்டைச் சேர்த்துப் போட்டார். புட்டு செய்து தின்றேன். பூண்டைப் பாலில் வேகவைத்துத் தின்றேன். வெந்தயத்தை ஊறவைத்து விழுங்கினேன். காலை ரயிலில் என் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் பாவம். ஆனால் பூண்டும் சுறாவும் பாலைச் சுரக்கவைக்கத்தான் முடியும், இடைவேளையை வாங்கித்தர முடியாது. ஒரு மழைக்குப் பிறகு மார்பில் நெறி கட்டிக் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போனபோது பாலும் பாதியாகியிருந்தது. நிலையத்துக்குப் போகும் பையில் பால்மாவு டப்பா நிரந்தரமாக இடம் பிடித்தது.

"போதும், விட்டுடு. நீ நல்லாத்தான் குடுத்திருக்க" என்றார் கணவர். அவர் ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விட்டால் நானாக விட்டதாக இருக்கவேண்டும். ஒரு விளக்கும் ஒரு திட்டத்தாளும் சேர்ந்து என்னை விடவைக்கக் கூடாது. அதை அவரிடம் கத்தியே சொன்னேன். தொட்டிலில் இருந்தவள் அழ ஆரம்பித்தாள். அவளை எடுத்து மார்பில் போட்டேன். இழுத்துப் பார்த்தாள், வரவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டு அப்பாவைப் பார்த்தாள். அவர் புட்டியில் பால்மாவைக் கலக்கப் போனார்.

ஜூன் விடுமுறை முடிந்து மூன்றாம் தவணை தொடங்கியபோது முதல் வாரம் முழுவதும் வெயில் கொளுத்தியது. மணி அடித்ததும் ஓடினேன். கதவைத் தாழிட்டேன். இயந்திரத்தை ஓடவிட்டு மகளின் படத்தைப் பார்த்தேன். சிரிக்கிற படம் வேலைக்கு ஆகவில்லை என்று அழுகிற காணொளியைப் போட்டேன். அரை மணி நேரமும் முழுசாக இருந்தது, யாரும் கதவைத் தட்டவில்லை, வெளியே திடலில் பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடும் சத்தம் கேட்டது. புட்டியின் அடி மட்டும் நனைந்திருந்தது. அதைக் கழுவி ஊற்ற மனம் வராமல் வெகுநேரம் கையில் வைத்திருந்தேன். அந்த வாரக் கடைசியில் இயந்திரத்தைத் துடைத்து அதன் பெட்டியில் போட்டு, அலமாரி மேல் ஏற்றினேன். மகளுக்கு இன்னும் ஏழு மாதம்கூட நிறைந்திருக்கவில்லை.

புதிய மழைநாள் திட்டம் அதற்குப் பிறகு வந்தது. குறை சொல்ல ஒன்றுமில்லை. தமிழ் அறை அதில் முதல் வரியிலேயே இருந்தது. பிஸ்கட் டின்னும் விளையாட்டுப் பெட்டியும் வந்தன. வானம் கறுத்தால் திடலில் உடற்கல்விப் பாடம் நடக்காது அல்லவா, அந்த ஆசிரியை விளக்கு எரியுமுன்பே பின்கட்டடத்துக்கு வந்துவிட வேண்டும் என்று ஏற்பாடு. அதோடு நிற்கவில்லை. உடைந்த நாற்காலிகளையும் கொடிகளையும் அப்புறப்படுத்தி, பக்கத்து அறையைச் சுத்தம் செய்து, புது நாற்காலி, திரை, தாழ்ப்பாள், சின்னக் குளிர்பெட்டி எல்லாம் போட்டுவிட்டார்கள். துணைத் தலைமையாசிரியரே வந்து சாவியைக் கொடுத்தார். அவர் முகத்தில் அவ்வளவு நிறைவு. தாமதத்துக்கு மன்னிப்பும் கேட்டார். நான் நிறுத்திவிட்டேன் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. நன்றி என்றேன், இன்னொரு தடவை.

அடுத்த சுமத்ராக் காற்று வந்தபோது சொன்னபடியே உடற்கல்வி ஆசிரியை வந்தார். கழுத்தில் விசில், கையில் இரண்டு பந்துகள். உள்ளே நுழைந்ததும், போங்கள், போங்கள், நான் இருக்கிறேன் என்று ஆங்கிலத்தில் சொல்லி என்னை வாசல் பக்கம் தள்ளினார். விளக்கு எரியத் தொடங்கியது. பிள்ளைகள் பிஸ்கட் டின்னைச் சுற்றிக் கூடிவிட்டார்கள். வேண்டாம், இப்போது எனக்குத் தேவைப்படவில்லை, நீங்கள் போய் உட்காருங்கள் என்று சொல்லியிருக்கலாம். அதற்காக வாயையும் திறந்தேன். மூடிக்கொண்டு பக்கத்து அறைக்குப் போனேன்.

தாழிட்டேன். திரையை இழுத்துவிட்டேன். நாற்காலியில் உட்கார்ந்தேன். குளிர்பெட்டி உள்ளே ஒன்றுமில்லாமல் முனகிக்கொண்டிருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் பிள்ளைகள் சிரிப்பது கேட்டது, பந்து தரையில் தட்டுவது கேட்டது. நான் அழுதேன். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, முந்தானை இல்லாத குறைக்குத் திரையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு அழுதேன். அழுது முடிந்த பிறகும் எழுந்திருக்கவில்லை. அந்த அரை மணி நேரம் எனக்குச் சேரவேண்டியது. எனக்குப் பயன்படுகிறதோ இல்லையோ, அதில் ஒரு நிமிடத்தைக்கூடத் திருப்பிக் கொடுக்கும் எண்ணம் எனக்கு இல்லை. மடியில் வெறும் கைகளை வைத்துக்கொண்டு, மணி அடிக்கும் வரை உட்கார்ந்திருந்தேன்.

முகத்தைக் கழுவிக்கொண்டு வகுப்புக்குத் திரும்பினேன். உடற்கல்வி ஆசிரியை கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்ததால் அவர் என் மேசையில் உட்கார்ந்தார். சன்னலோரத்துச் சிறுமி வாயோரம் பிஸ்கட் தூளோடு என்னை நிமிர்ந்து பார்த்தாள். முகத்தைப் பார்த்தாள், பிறகு குர்தாவின் முன்பக்கத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நன்றாகப் பார்த்தாள். அவளுக்கு ஒரே சந்தோஷம்.

"டீச்சர், இன்னைக்கு உங்க மேல மழையே படல."

"ஆமாம்மா," என்றேன். "படல."